காரைவாடி மாடும் மேலக்கோட்டை மருந்தும்

காரைவாடிப் பாளையத்தில் அந்தக் கோடையில் வைசூரி புகுந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. பாளையக்காரரின் ஆலோசகர் வாஞ்சியப்பன் வீட்டு வாசலிலும்தான். உள்ளே அவருடைய தங்கை கண் திறக்காமல் கிடந்தாள். சபையையே சிரிக்க வைக்கிற மனுஷன், அவள் தலைமாட்டில் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார்.

வயிற்றெரிச்சல் வேறு. பக்கத்து மேலக்கோட்டையில் ஒருத்தருக்கும் வைசூரி இல்லை. காரணம், காரைவாடி மாடு ஒன்று. அதன் மடியில் கொப்புளம் கண்டபோது, பால் கறக்கிறவர்களுக்கு ஏன் அம்மை வருவதில்லை என்று ஆராயப்போவதாகச் சொல்லி, மேலக்கோட்டை வைத்தியர் அந்தக் கொப்புள நீரை வாங்கிப் போனார். ஆராய்ந்தார், மருந்தும் கண்டுபிடித்தார். ஊரார் அத்தனை பேருக்கும் குத்தி, யாரும் சாகவில்லை என்று நிச்சயமான பிறகு, ராஜா உக்கிரராயரும் போன வாரம் தைரியமாகக் குத்திக்கொண்டார்.

மாட்டுக்குப் புண் எப்போதோ ஆறிவிட்டது, மறுபடி நீர் எடுக்க வழியில்லை. மருந்தில் கொஞ்சம் தாருங்கள் என்று பாளையக்காரர் ஆள் அனுப்பினார். அது எங்கள் வைத்தியர் மூளையில் பிறந்த மருந்து, எவருக்கும் தருவதற்கில்லை என்று பதில் வந்தது.

வாஞ்சியப்பன், இன்னும் அம்மை காணாத வண்டிக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மேலக்கோட்டைக்குப் போனார். மருந்து கேட்டு வரவில்லை என்று சபையில் முதலிலேயே சொல்லிவிட்டார். "மருந்து உங்களுடையது. நாங்கள் கொடுத்த கொப்புள நீரை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்."

இவ்வளவுதானா என்று ராஜாவுக்கு நிம்மதி. "அது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொண்டு போம். இது என் வாக்கு."

அது இப்போது எங்கே இருக்கிறது என்று வாஞ்சியப்பன் வைத்தியரைக் கேட்டார். வைத்தியர், முதலில் ஒரு காவற்காரன் கையில் குத்தியதையும், அந்தக் கொப்புளத்திலிருந்து அடுத்தவனுக்கு, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு என்று ஊரெல்லாம் போனதையும் விவரித்தார். கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லவில்லை. ராஜாவின் தோளைப் பார்த்தார், பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வாஞ்சியப்பன் வண்டிக்காரர்களை உள்ளே அழைத்து வரிசையாக நிறுத்தினார். வைத்தியரை ஊசி எடுத்து வரச் சொன்னார். ராஜாவை அங்கியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். மிச்ச ஊரும் பின்னால் வண்டி கட்டிக்கொண்டு வருகிறது, எல்லோரும் எடுத்து முடிக்கிறவரை மகாராஜா கையை மடக்காமல் இருந்தால் நல்லது என்றார்.

உக்கிரராயர் தோளைப் பொத்திக்கொண்டார். "ஓய், இது என் கை."

"கை உங்களுடையதுதான், மகாராஜா. கொப்புளம் எங்கள் மாட்டுடையது."

மந்திரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. ராஜா தன் தோளைப் பார்த்தார், வாசல்வரை நின்ற வண்டிக்காரர்களைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே வைத்தியரும், ராஜா கைக் கொப்புளத்திலிருந்து அம்மை குத்திக்கொண்ட வண்டிக்காரர்களும் காரைவாடிக்குக் கிளம்பினார்கள். அங்குள்ள வைத்தியர்களுக்கும் பக்குவத்தைக் கற்றுக்கொடுக்கும்படி உத்தரவு.

தங்கை முகமெல்லாம் தழும்போடு பிழைத்தாள். அவளுக்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அம்மையில் படுக்கவில்லை.

வாஞ்சியப்பனுக்கு மேலக்கோட்டையிலிருந்து பட்டுச் சால்வை வந்தது. மரியாதை சேரவேண்டிய இடம் வேறு என்று அவர் அதைக் கொண்டுபோய் மாட்டின் மேல் போர்த்தினார். சாயங்காலத்துக்குள் மாடு அதைத் தின்றுவிட்டது.