இருபத்திநாலுக்கு முப்பத்தாறு

"ஊர்ல இருக்கற கேலரி எல்லாம் ஏறி இறங்கிட்டேன் மேடம். ஒருத்தரும் என்னை இன்டர்னா சேத்துக்க மாட்டேங்கறாங்க."

சொன்னவர் பெயர் நெடுங்கிள்ளி. கட்சிக்கார அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர். ஆள் என்னவோ பஸ்ஸில் மேல்கம்பி எட்டாத உயரம். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது.

இன்டர்ன்ஷிப் என்றால் கல்லூரிப் பிள்ளைகள் சில மாதம் ஓர் இடத்தில் கூடமாட இருந்து வேலை கற்றுக்கொள்வது. ஐம்பது வயதில் ஒருவர் அதைக் கேட்டு வந்தால் எந்த ஊர்தான் சிரிக்காது? சென்னையும் சிரித்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தமயந்தி. தேனாம்பேட்டையில் 'நாற்சுவர்' என்ற ஓவியக் கேலரியை நடத்துகிறவள். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். ஆனாலும் ஓவிய உலகத்துக்குள் எந்தக் கதவைத் தட்டி நுழைவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் குரு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், வேலை கிடைத்துவிடும் என்று பேச்சு.

குருமார்கள் அதிகம் பேச மாட்டார்கள். தமயந்தியும் அன்று பேசவில்லை. ஞானமெல்லாம் ஒன்றும் கிடையாது. காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய்க்குள் பஞ்சு இருந்தது.

நெடுங்கிள்ளிக்கு இது தெரியாது. ஆஹா, இவரல்லவா குரு என்று நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துகொண்டார்.

"ஒரு எடத்துல 'பையனுக்கா சார் கேக்கறீங்க?'ன்னாங்க. எனக்குத்தான்னேன். செக்யூரிட்டியைக் கூப்பிட்டுட்டாங்க."

தமயந்தி தலையசைத்தாள்.

"இன்னொரு எடத்துல படம் வாங்க வந்திருக்கேன்னு நெனச்சு ஏ.சி. ரூம்ல உக்கார வச்சுக் காபி குடுத்தாங்க. இன்டர்ன்ஷிப்னு சொன்னதும், பாதி குடிச்ச காபியைக் கையிலிருந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க மேடம்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நெடுங்கிள்ளியும் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். குரு செய்வதைச் செய்ய வேண்டாமா?

அவள் அவருடைய பயோடேட்டாவை எடுத்தாள். மகள் தயாரித்துக் கொடுத்தது. 'கலையின் மீது தணியாத தாகம் உடையவர். எவ்வளவு நெருக்கடியிலும் புன்னகையுடன் பணிபுரிபவர்.' படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

'சுயதொழில்.'

"தொழிலுங்க" என்றார் நெடுங்கிள்ளி.

விரல் நகரவில்லை.

"சொந்தமா பண்றதுங்க."

அப்போதும் நகரவில்லை.

"அதை விடுங்க மேடம். அதுக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமே கெடையாது."

விரலை எடுத்துவிட்டு முதல் வார்த்தையைப் பேசினாள்.

"ஏன்?"

ஏன் இந்த ஆசை என்று கேட்கிறாள். இதை மற்ற கேலரிகளில் யாருமே கேட்கவில்லை.

"ஒருநாள் ஒருத்தர் ஒரு ஓவியத்தை எங்கிட்டக் காட்டி, 'படம் எப்படியிருக்கு?'ன்னு கேட்டாரு மேடம்."

"ம்."

"பதினெட்டுக்கு இருபத்திநாலுன்னு சொன்னேன்."

தமயந்தி நிமிர்ந்தாள்.

"இஞ்சுல. எனக்கு வாயில அதுதான் வந்துச்சு. அவரு சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. அடப் பாவமேன்னு பார்த்தாரு. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல மேடம். மறுநாளே சாயங்கால வகுப்புல சேந்துட்டேன். ஓவிய ரசனை டிப்ளமா. பரீட்சை எல்லாம் பாஸ். ஆனா ஒரு கேலரியில இன்டர்னா இருந்தாத்தான் சர்டிபிகேட்டாம். இந்த மாசக் கடைசிக்குள்ள எங்கயாவது சேரலேன்னா பேரை எடுத்துருவாங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஒருத்தர் எங்கிட்ட அப்படிக் கேட்டா, நான் ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும். எனக்கு அவ்வளவுதான். ஏதாவது ஒரு வழி சொல்லுங்க மேடம்."

தமயந்தி கையை நீட்டினாள்.

எதிர்ச் சுவர் காலியாக இருந்தது. அதன் கீழே ஒரு படம் குமிழ் குமிழான பிளாஸ்டிக் உறை சுற்றியபடி சாய்ந்து நின்றது. சாயங்காலம் ஓவியர் இன்பராஜின் கண்காட்சி திறப்பு. மற்றப் படமெல்லாம் மாட்டியாகிவிட்டது. இது ஒன்று மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது. மாட்டுகிற ஆள் லீவு.

"மாட்டுங்க."

"எப்படி மாட்டணும் மேடம்?"

"பாக்கற மாதிரி."

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அங்கே சோபாவில் சாய்ந்தவள் அப்படியே கண்ணசந்துவிட்டாள்.

பாக்கற மாதிரி! நெடுங்கிள்ளி அந்த வார்த்தையை வெல்லக்கட்டி மாதிரி வாயில் போட்டு அடக்கிக்கொண்டார்.

படத்தைப் பிரித்தார். நீலம். மேலிருந்து கீழ்வரை வெறும் கருநீலம். அடி ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று இருந்தது.

பைக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்தார். இன்டர்ன்ஷிப் கேட்டு வருகிற மனுஷன் பையில் சுத்தியல் எதற்கு? கொஞ்சம் பொறுங்கள்.

மற்றப் படங்களைச் சுற்றிவந்து பார்த்தார். எல்லாம் ஆள் முகத்துக்கு நேராகத் தொங்கின. அவசரத்தில் மாட்டியிருப்பார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வாசலுக்குப் போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். வந்தது வினை. மேடம் காட்டிய சுவரில் மாட்டினால் படம் தெற்கே பார்க்கும்.

"தெற்கு பாக்கலாமா? ஆகாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கிழக்கு பார்க்கிற சுவரில் உள்ளறை வாசல் இருந்தது. அதன் நிலைக்கு மேலே நல்ல இடம் இருந்தது. ஏணியைப் போட்டு ஏறினார். கீழ்ச்சட்டம் உட்கார இரண்டு ஆணி, கயிறு மாட்ட மேலே ஓர் ஆணி. கயிற்றைத் தளர்த்திவிட்டதும் படம் தலையை முன்னால் நீட்டி, கூடத்தைக் குனிந்து பார்த்தது.

இறங்கி நின்று பார்த்தார். கச்சிதம். இதைவிட மரியாதையாக ஒரு படத்தை எப்படி மாட்டுவது?

அந்த நேரம் பார்த்து, திறப்பு விழாவுக்குப் பூ கொண்டு வந்த ஆள் உள்ளே நுழைந்தான். ஒரு கூடை நிறையச் சாமந்தியும் ரோஜாவும். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தவன் அண்ணாந்தான். சட்டென்று செருப்பைக் கழற்றினான். கூடையை வாசலின் ஓரமாக வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்ன சாமிங்க இது?"

"தெரியலீங்க" என்றார் நெடுங்கிள்ளி. "இருபத்திநாலுக்கு முப்பத்தாறு."

பேச்சுச் சத்தம் கேட்டு விழித்த தமயந்தி வெளியே வந்தாள். பூக்கூடையைப் பார்த்தாள். செருப்பில்லாமல் நிற்கிற ஆளைப் பார்த்தாள். திரும்பித் தன் தலைக்கு மேலே பார்த்தாள்.

இன்பராஜின் கருநீலம் அவளுக்கு அருள்பாலித்துக்கொண்டிருந்தது.

பூக்காரன் போகும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. போனதும் கேட்டாள்.

"கடை எங்க?"

நெடுங்கிள்ளிக்கு முகம் தொங்கிவிட்டது.

"என்ன கடைங்க?"

அவள் மேலே கை காட்டினாள். தளர்ந்த கயிறு. கீழே இரண்டு ஆணி. ஊரில் எத்தனை பூஜை அறையில் பார்த்திருக்கிறாள்!

"பெரம்பூர் மார்க்கெட் பக்கத்துல மேடம்" என்றார் சின்னக் குரலில். "ஃபிரேம் கடை. முருகர், மாதா, மெக்கா படம் எல்லாத்துக்கும் சட்டம் போடுவேன். வீட்டுக்கே போய் மாட்டியும் குடுப்பேன். முதமுதல்ல போன கேலரியில இதை உண்மையாத்தான் சொன்னேன். 'டெலிவரின்னா பின்பக்கமா வாங்க'ன்னாங்க. சுத்திக்கிட்டுப் பின்பக்கம் போனேன். அங்க கேட் பூட்டியிருந்துச்சு."

தமயந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் கடையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல. வெக்கமா இருந்துச்சு. இத்தனை வருஷமா எத்தனையோ படம் இந்தக் கை வழியாப் போயிருக்கு. மாட்டி முடிச்சா என் தலைக்கு மேல போயிரும். மத்தவங்க கும்பிடுவாங்க. நான் ஏணியை மடக்கிட்டு வந்துருவேன். ஒண்ணையும் நின்னு பார்த்ததில்ல மேடம்."

"இறக்குங்க" என்றாள் தமயந்தி.

முடிந்தது கதை என்று நினைத்தார் மனுஷன். படத்தை இறக்கினார், ஆணிகளைப் பிடுங்கினார். சுத்தியலைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டினார். வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

தமயந்தி அதே காலிச் சுவரைக் காட்டினாள்.

"மாட்டுங்க."

"திரும்பவுமா? எப்படி மேடம்?"

"நீங்க பாக்கற மாதிரி."

"நானா?"

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நெடுங்கிள்ளி படத்தைச் சுவரில் வைத்துப் பிடித்தார். பழக்கதோஷம், கை தானாக மேலே போயிற்று. அண்ணாந்தார். சட்டத்தின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

கொஞ்சம் இறக்கினார். நெற்றிக்கு வந்தது. அது இன்னும் கும்பிடுகிற உயரம்தான். குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இன்னும் இறக்கினார். தயங்கினார். யாராவது திட்டுவார்களோ என்று வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

ஆணி அடித்து மாட்டிவிட்டுப் பின்னால் வந்தார். கயிற்றில் தளர்வே இல்லை. படம் சுவரோடு ஒட்டி நேராக நின்றது.

நெடுங்கிள்ளியும் அதன் முன்னால் நேராக நின்றார்.

டேப்பை எடுக்கவில்லை. மூலை மட்டம் பார்க்கவில்லை. சும்மா நின்றார். தெருவில் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் கட்டிப்புரளாத குறையாகச் சண்டை போட்டார்கள். அதுகூட அவர் காதில் விழவில்லை.

வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"படம் எப்படியிருக்கு?"

நெடுங்கிள்ளி வாயைத் திறந்தார். இருபத்திநாலுக்கு என்று ஆரம்பித்துவிடப் போகிறாரே என்று தமயந்திக்குப் பக்கென்றது.

"ராத்திரி கடையைச் சாத்திட்டுக் கெளம்புவோம்ல மேடம்" என்றார். "பாதித் தெரு போனப்புறம், உள்ள லைட்டை அணைச்சோமா இல்லையான்னு ஒரு இது வருமே. அப்படி இருக்கு."

தமயந்தி ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை பல் காரணமில்லை.

சாயங்காலம் கூட்டம் வந்தது. பட்டுப் புடவைகள், ஜிப்பாக்கள், கையில் பழரசம். நெடுங்கிள்ளி பூக்கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். மேடம் வழி எதையும் சொல்லவில்லையே, போவதற்கு முன்னால் ஒரு கேலரி விலாசமாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று காத்திருந்தார்.

ஓவியர் இன்பராஜ் வந்தார். பெயரில்தான் இன்பம். ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நீலப்படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பார்ப்பதற்கு அவர் குனிய வேண்டியிருந்தது.

"தமயந்தி! இங்க வாம்மா. என்ன கூத்து இது?"

கூடம் முழுக்கத் திரும்பியது.

"எல்லாப் படமும் ஒரே உயரத்துல இருக்கு. கேலரின்னா அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, உலகம் பூரா அதான் உயரம். இது மட்டும் ஏன் எறங்கிக் கெடக்கு? எந்த ஊரு கணக்கு இது?"

நெடுங்கிள்ளி பையைத் துழாவிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே ஓடி வந்தார்.

"நாந்தான் சார். தப்பு என்மேலதான், மேடம் மேல இல்ல. ரெண்டே நிமிஷம், ஏத்தி மாட்டிடறேன் சார்."

தமயந்தி அவருடைய கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

பிறகு வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"எங்க இன்டர்ன் உயரம்" என்றாள்.