வேவு பார்க்கப் போனவள்

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கூப்பிடுறாங்க. அதான் பயமா இருக்கு," என்றாள் இசக்கிராணி.

பல்கலைக்கழகத்தில் அவள் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நாடகக் குழு, கவிதை வட்டம், ரத்ததானக் குழு என்று ஆளாளுக்கு வழிமறித்து நோட்டீஸ் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றிலும் சேரவில்லை.

பள்ளியில் ஒருத்தி உயிர்த்தோழிபோல் பழகி, இவள் சொன்னதையெல்லாம் வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தாள். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

அவள் வந்து நின்ற இடம் தாவரவியல் ஆய்வகம். அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த நசீமா, ஆராய்ச்சி மாணவி. குழப்பம் வந்தால் விடுதிப் பெண்கள் அவளிடம்தான் போவார்கள். அவள் அறிவுரை சொல்ல மாட்டாள் என்பதால்.

"யார் மேல ரொம்பச் சந்தேகம்?" என்று கேட்டாள் நசீமா.

"நாடகக் குழு. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் ஒத்திகை பாக்குறாங்க."

"அப்போ என்னவோ மறைக்கிறாங்க. போய்ச் சேர்ந்துக்கோ. என்னன்னு கண்டுபிடிச்சு என்கிட்ட வந்து சொல்லு."

இசக்கிராணிக்கு இது பிடித்திருந்தது. சேருவது வேறு, வேவு பார்ப்பது வேறு. அன்று மாலையே போய்ப் பெயர் கொடுத்தாள்.

மறுநாள் வந்து சொன்னாள்.

"நாய் உள்ள வந்துருதுன்னு கதவைச் சாத்துறாங்களாம்."

"நம்புறியா?"

"இல்ல. வந்த உடனே டீ வேற வாங்கிக் குடுத்தாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"விடாதே. நல்லாக் கவனி."

அடுத்த வாரம் வந்தாள்.

"ஒருத்தன் வசனத்தை மறந்துட்டு நடு மேடையில முழிச்சான். யாருமே திட்டல. எஸ்தர் அக்கா 'மறுபடி'ன்னு மட்டும் சொன்னாங்க."

எஸ்தர் இறுதியாண்டு மாணவி. குழுவை நடத்துபவள்.

"திட்டலைன்னா ஏதோ இருக்கு," என்றாள் நசீமா.

"நானும் அதைத்தான்க்கா நினைச்சேன்."

பிறகு ஒருநாள், கன்னத்தில் அரிதாரம் கலையாமல் ஓடிவந்தாள்.

"இன்னைக்கு ஒண்ணும் கவனிக்க முடியலக்கா. கூட நடிக்கிற செண்பகத்துக்குத் தொண்டை கட்டிருச்சு. அவ வசனத்தை நான் பேச வேண்டியதாப் போச்சு."

"எப்படிப் பேசினே?"

"சுமாரா," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. சட்டென்று குனிந்துகொண்டாள்.

நாடகத்துக்கு முந்தின நாள், ஒத்திகை முடிந்து எல்லாரும் கிளம்பியபின் எஸ்தர் அவளை நிறுத்தினாள்.

"இங்க நடக்கிறதையெல்லாம் நசீமாகிட்டப் போய்ச் சொல்றியாமே?"

இசக்கிராணி பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். வரவில்லை.

"ஆமாக்கா."

இனி இங்கே இடமில்லை என்று இசக்கிராணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வருத்தமாக இருந்தது. இவ்வளவு வருத்தம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"உக்காரு," என்றாள் எஸ்தர்.

பிறகு தன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அது என்ன விஷயம் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் போய்ச் சொல்லிருவேன்னு தெரிஞ்சும் ஏன்க்கா என்கிட்டச் சொன்னீங்க?"

"நாளைக்கு நான் மேடையேறணும். இதை உள்ள வச்சுக்கிட்டு என்னால முடியாது." எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீதான் பக்கத்துல இருந்தே."

நாடகம் நல்லபடியாக நடந்தது.

அதன்பின் இசக்கிராணி ஆய்வகப் பக்கமே போகவில்லை. கடைசியில் நசீமாதான் ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"ம்."

"மறைச்சாங்களா?"

"ஒருத்தங்க மறைச்சாங்க."

"என்னது?"

இசக்கிராணி மேசைமேல் இருந்த பாசிக் குப்பியைத் தள்ளிவைத்தாள்.

"உன்னை அனுப்பினதே நான். சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டக்கூடவா?"

"யார்கிட்டயும்தான்." அவள் நசீமாவை நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்தவங்க விஷயத்தைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு ஏன்க்கா இவ்வளவு அவசரம்? எனக்கு இப்போ உங்க மேலதான் சந்தேகமா இருக்கு."

நசீமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இப்பத்தான் சரியான ஆளைச் சந்தேகப்படுறே. இனி எனக்கு வேவு வேண்டாம், ஒத்திகைக்குப் போ," என்று சிரித்தாள்.