நிற்கிறவனுக்கு என்ன ஊனம்

முன்னொரு காலத்தில், மழைக்கும் வரிக்கும் குறைவில்லாத ஒரு நாட்டை ஆண்ட ராஜாவுக்குத் தருமம் செய்யும் ஆசை திடீர் திடீரென்று வரும். அரண்மனை ஊழியர்களில் ஊனமுற்றவர்கள் இனி வேலை செய்ய வேண்டாம், ஆயுள் முழுக்கக் களஞ்சியத்தில் நெல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முரசறைவித்தார். யார் ஊனமுற்றவர் என்று தீர்மானிக்கும் வேலையை அமைச்சர் அறிவாகரரிடம் விட்டார். வினை அங்கேதான் வந்தது.

கண் இல்லாதவர் வந்தார், நெல் கிடைத்தது. கால் இல்லாதவர் வந்தார், கிடைத்தது. பிறகு மாடக்கண்ணு வந்தான். வாலிபம் முழுதும் ராஜாவின் பல்லக்கைச் சுமந்தவன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. குனிந்தால் நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. சில நாள் நன்றாக நடப்பான். மறுநாள் பாயை விட்டு அசையமாட்டான்.

அமைச்சர் அவனை ராஜசபையில் ராஜாவின் முன்னால் நிறுத்திவிட்டு, உச்சிவேளை வரை மற்ற வழக்குகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, இத்தனை நேரம் தூண் மாதிரி நின்றவனுக்கு என்ன ஊனம் என்று கேட்டார். போதாக்குறைக்கு, அவன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியதைப் பார்த்த சாட்சி வேறு. ஊனமில்லை என்று தீர்ப்பானது. வசந்த விழாவுக்குப் பல்லக்குத் தூக்க வராவிட்டால் வேலையும் போகும், அரண்மனை கொடுத்த வீடும் போகும்.

சபையின் விகடகவி வெள்ளியம்பலம் செய்தி கேட்டு மாடக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார். அவன் மல்லாந்து கிடந்தான்.

"ஏனப்பா அப்படி விறைப்பாக நின்றாய்?"

"ராசா முன்னாடி எப்படி சாமி உக்கார்றது? தலை போயிருமே."

"வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே."

"போன மாசம் முனகினேன். நடிக்கிறான்னாங்க."

"சந்தைக்கு ஏன் போனாய்?"

"அன்னைக்கு எந்திரிக்க முடிஞ்சுது."

வெள்ளியம்பலத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நின்றால் ஊனமில்லை. முனகினால் நடிப்பு. வர முடியாமல் வீட்டில் கிடந்தால், வந்து கேட்காதவனுக்கு நெல் எதற்கு என்பார்கள். நேரே ராஜாவிடம் போய் முறையிட்டார். ராஜா வெற்றிலை மென்றபடி அமைச்சரைப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரிவதே ஊனம், அரசே," என்றார் அறிவாகரர். "தெரியாததை ஒப்புக்கொண்டால், நாளை இந்த அரண்மனையில் ஒருவனுக்கும் முதுகு இராது."

ராஜாவுக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. "வெள்ளியம்பலம், அவன் முதுகுக்குள் இருப்பதை விழாவன்று சபைக்குக் காட்டும். காட்டாவிட்டால் அவன் இடத்தில் நீர் பல்லக்குத் தூக்கும்."

வெள்ளியம்பலம் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் மேல்துண்டே நிற்காது.

விழாவன்று காலையில் சபைச் சுவரோரம் ஒரு பல்லக்கு மரத்தைச் சாத்தி நிறுத்தினார். தூக்குகிறவர்கள் தோளில் தாங்கும் நீண்ட மரம் அது. புதுச் சாயம், பொன் தகடு, பட்டுக் குஞ்சம். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெயில் ஏறியது. முதுகு எங்கே என்று ராஜா பொறுமையிழந்து கேட்டார்.

அதற்கு முன் இந்த மரத்தை அமைச்சர் சோதிக்க வேண்டும், குறை காண்பதில் அவருக்கு நிகரான கண் வேறில்லை என்றார் வெள்ளியம்பலம். அறிவாகரர் குளிர்ந்துபோய் மரத்தைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"நேராக இருக்கிறது. வெடிப்பில்லை. காலை முதல் அசையாமல் நிற்கிறது. யாதொரு குறையும் இல்லை."

"நல்லது. இன்று தங்கள் பல்லக்குக்கு இந்த மரம்தான். தங்களுக்குப் பழக்கமானதே. போன ஆடியில் தாங்கள் கழித்துப் போட்டது. நான் சாயம் மட்டும் பூசினேன்."

அமைச்சரின் முகம் மாறியது. "அதுவா? உள்ளே வண்டு குடைந்து சல்லடையாகக் கிடக்கிறதே."

"கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"சும்மா நிறுத்தி வைத்தால் எப்படி ஐயா தெரியும்? பாரம் ஏறினால் அல்லவா தெரியும்?"

"ஏறுங்கள். பார்ப்போம்."

"முறிந்த பிறகு பார்த்து யாருக்கு என்ன பயன்?" என்று கத்தினார் அறிவாகரர். கத்திய பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"அரசே, தாங்கள் காட்டச் சொன்னதை அமைச்சரே காட்டிவிட்டார்," என்றார் வெள்ளியம்பலம். "மரம் செய்த பாக்கியம், அது நடிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். மாடக்கண்ணுவுக்கு அன்றே நெல் அளக்கவும், வீட்டை அவன் பேருக்கே எழுதவும் ஆணையிட்டார். வெள்ளியம்பலத்தை அழைத்து, என்ன வேண்டும், கேளும் என்றார்.

"இனி இந்தச் சோதனைகளுக்குத் தாங்கள் எழுந்தருள வேண்டாம்."

"ஏன்?"

"தங்கள் முன்னால் பிணத்தைக் கொண்டுவந்தாலும் மரியாதைக்கு எழுந்து நிற்கும், அரசே. அமைச்சர் அதற்கும் ஊனமில்லை என்பார்."

ராஜா மறுபடி சிரித்தார். கேட்டதைக் கொடுத்தார், கூட ஒரு முத்துமாலையும் கொடுத்தார். அன்று ஊர்வலத்தில் அறிவாகரர் நடந்தே போனார்.