முள்ளம்பன்றிக்குக் கிடைக்காத விலக்கு

மலையடிவாரத்தில் ஒரு காடு. அங்கே சிங்கம்தான் ராஜா. ராஜா என்றால் வேட்டையாடித் தின்னும் என்றுதானே நினைக்கிறீர்கள், குழந்தைகளே? அந்த வேலையே கிடையாது. வளைக்கும் குகைக்கும் கிழங்கும் தேனுமாக வரி போட்டு, உட்கார்ந்த இடத்தில் வாழ்ந்தது. வீடு பெரிதானால் வரியும் பெரிது. சிங்கம் கிழங்கு தின்னுமா என்று கேட்காதீர்கள். அதைச் சுற்றித் தின்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு இருந்தது. பாவம், அதன் கணவனை மழைக்கால வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சாவதற்குச் சில நாள் முன்புதான் அது வளைக்குள் இன்னோர் அறை தோண்டியிருந்தது. கோடையில் குட்டிகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று தாய் அந்த அறை நிறையக் கிழங்கு சேர்த்து வைத்திருந்தது.

வெள்ளம் வடிந்ததும், எல்லா வீடுகளையும் மறுபடி அளந்து வரச் சொல்லி ராஜா நரியை அனுப்பியது.

நரி வருகிறது என்றதும் முள்ளம்பன்றி குட்டிகளை உள்ளே தள்ளியது. ஆண் துணை இல்லாத வளை என்று தெரிந்தால், நாளைக்கே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுமே.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று வாசலில் நின்று கேட்டது நரி.

"நானும் குட்டிகளும்தான், நரியாரே. அவர் ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார். இப்போது வந்துவிடுவார்."

அந்தக் கணவன் செத்த சேதி நரிக்கு எப்போதோ தெரியும். ஆனால் தெரியாததுபோல வளைக்குள் நுழைந்தது. வாலை நீட்டி நீட்டி உள்ளே அளந்தது.

"புதிதாக ஓர் அறை வந்திருக்கிறது. இந்த வருஷம் வரி இரண்டு மடங்கு. பாதிக் கிழங்கைக் கொடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் குகைக்கு நடந்தது.

அங்கே கரடி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "என்னத்தைச் சொல்ல, நரியண்ணே. என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். தனியாகக் கிடந்து குட்டியை வளர்க்கிறேன்."

"அடடா! துணையில்லாமல் குட்டி வளர்ப்பவருக்கு வரி கிடையாதே. அளக்கும்போதே சொல்லிவிட்டாய், நல்லதாய்ப் போயிற்று" என்றது நரி. கரடி ஒரு தேனடையை அதன் பக்கம் தள்ளிவைத்தது. குகைக்குப் பின்னால் கரடியின் பெண்டாட்டி இன்னொரு தேனடையை நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வளை வாசலில் நின்று முள்ளம்பன்றி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிவந்து நரியை மறித்தது.

"என் கணவர் வெள்ளத்தில் போனது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கும் விலக்கு உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அளப்பது என் வேலை. சொல்வது என் வேலை இல்லை. வேண்டுமானால் ராஜாவிடம் போய் முறையிடு."

முள்ளம்பன்றி ராஜாவிடம் போய் அழுதது. சிங்கம் நரியைப் பார்த்தது. நரி அதன் காதில் என்னவோ சொன்னது.

"உன் கணவன் ஆற்றுப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னாயாமே?"

"பயத்தில் சொல்லிவிட்டேன், ராஜா. அவர் செத்துப்போனார்."

"இரண்டில் எதை நம்புவது? அவனே நேரில் வந்து, செத்துவிட்டேன் என்று சொல்லட்டும். அதுவரை கிழங்கு முழுவதும் என்னிடமே இருக்கட்டும்."

ராஜாவைச் சுற்றித் தின்னும் காட்டுப்பன்றிகள் வந்து அறையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயின.

தாய் சொன்ன பொய்யை நம்பியவை குட்டிகள் மட்டும்தான். அந்தக் கோடை முழுக்க, ஒட்டிய வயிற்றோடு வாசலில் உட்கார்ந்து ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

நீதி: சலுகை அதைத் தெரிந்துவைத்திருப்பவனுக்கே போய்ச் சேரும், தெரியாதவர் அவனுக்கும் சேர்த்து வரி கட்டுவார்.