சார்ஜ் எந்த வழியாக இறங்கியது?

ஆவாரம்பேட்டையில் சடையப்பன், உலகநாதன், சன்னாசி மூவரும் கூட்டாகச் சலூன் வைத்திருந்தார்கள். ரொம்ப நல்லவர்கள். மூளையையும் கூட்டாகத்தான் வைத்திருந்தார்கள். அது என்றைக்காவது கடைக்கு வரும்.

அடிக்கடி கரண்ட் போய்விடும். பாதிச் சவரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். இப்படியே போனால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்து, ஒரு ஆட்டோ பிடித்து ஜமால் பாய் கடைக்குப் போனார்கள்.

பாய்க்கு இப்போது கைகொள்ளாத வியாபாரம். பேட்டரி ஆட்டோவில் ஓடிக் களைத்த பேட்டரிகளை வாங்குவார். பிரித்து, தெம்பு இருக்கிற செல்களை மட்டும் சேர்த்துக் கட்டி, வீட்டுக்கும் கடைக்கும் விற்பார். தேறாததை உருக்குகிற கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்.

"இது இனிமே ஆட்டோவுக்கு ஆகாது. ஆனா உங்க கடைக்கு நல்லா உழைக்கும். இப்ப பாதி சார்ஜ் இருக்கு, முழுசா ஏத்திக்குங்க. இறங்கிடாம பாத்துக்குங்க" என்றார் பாய்.

வெளியே வந்ததும் ஆட்டோக்காரர், "உள்ள வைங்கண்ணே" என்றார்.

"ஆட்டோவுக்கு ஆகாதுன்னு பாய் சொல்லிட்டாரு தம்பி."

மூவரும் மாறி மாறிப் பேட்டரியைத் தலையில் சுமந்து நடந்தார்கள். ஆட்டோ காலியாகப் பின்னாலேயே வந்தது.

கடையில் ஆலோசனை நடந்தது.

"பாதி ஏற்கெனவே இருக்கு. மொட்டை மாடி வரைக்கும் ஏத்துனா போதும்" என்றார் சன்னாசி.

"முழுசான்னாரே! தண்ணித்தொட்டி மேல வச்சாத்தான் முழுசு" என்றார் உலகநாதன்.

கயிறு கட்டித் தொட்டி மேல் ஏற்றி, டிரிம்மரை மாட்டினார்கள். கிர்ரென்று ஓடியது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கீழே கொண்டுபோனால் இறங்கிவிடுமே! அதனால் நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றையும் மேலே ஏற்றி, தொட்டி மேலேயே கடை போட்டார்கள். சார்ஜ் நைசாக இறங்கிவிடாதபடி சன்னாசி படிக்கட்டில் கம்போடு உட்கார்ந்தார்.

சில நாள் நன்றாகத்தான் போனது. பிறகு நல்லமுத்து வந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாணம். மீசையின் இடது பக்கம் பென்சில் கோடு மாதிரி வந்துவிட்டது. வலது பக்கம் புதராக இருக்கும்போதே டிரிம்மர் நின்றுபோனது.

"யோவ், இந்த மூஞ்சிக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்? நான் வேற கடைக்குப் போறேன்!" என்று நல்லமுத்து தடதடவெனக் கீழே இறங்கி ஓடினார்.

சடையப்பன் பாய்க்குப் போன் போட்டார்.

"சார்ஜ் இறங்கியிருக்கும். மறுபடி ஏத்துங்க, அவ்வளவுதான்" என்று பாய் வைத்துவிட்டார்.

"சன்னாசி, உன்னைத் தாண்டி எப்படிய்யா இறங்குச்சு?"

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமாச் சொல்றேன், இந்த வழியா இறங்குனது மாப்பிள்ளை ஒருத்தர்தான்."

"டிரிம்மர் நின்ன பிறகுதானே அவர் இறங்குனாரு?" என்றார் சடையப்பன்.

உலகநாதன் கண்ணை மூடி யோசித்தார். "முதல்ல சார்ஜ் அவருக்குள்ள இறங்கியிருக்கு. அப்புறம் அவர் இறங்கியிருக்காரு."

தெருமுனையில் நல்லமுத்துவை மடக்கி, கத்தக் கத்தத் தூக்கிவந்து தொட்டி மேல் உட்காரவைத்தார்கள். டிரிம்மரின் பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். ஓடவில்லை.

உலகநாதன் மாப்பிள்ளையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கல்யாண விஷயம், அரைகுறையா விடக்கூடாது. மாப்பிள்ளை, வேட்டியை மடிச்சுக் கட்டுங்க."