எடைக்கு எடை தேன்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லும் அளவுக்குப் பெருமை இல்லாத ஒரு நாட்டில், பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் புது ஆசை முளைக்கிற அரசர் ஒருவர் இருந்தார். அன்றைக்குக் கோயிலில் துலாபாரம் கொடுப்பார். ஒரு வருடம் வெல்லம், ஒரு வருடம் மிளகு. அந்த வருடம் தேன் என்று தோன்றிவிட்டது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விழாவுக்கு முன்னால் அரசரைத் தராசில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஆயுள் குறையுமாம். அதனால் ஒரு பெரிய கொப்பரையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அரசரைத் தலை முங்க அதில் உட்கார வைப்பார்கள். வழிந்த தண்ணீரின் எடையே அரசரின் எடை. மனித உடம்பும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே கனம் என்பதால் அந்தக் கணக்கு பிசகியதே இல்லை. பண்டசாலைத் தலைவர் வல்லபராயர் இதைத் தம்முடைய சொந்த யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் கண்டுபிடித்தவர் எப்போதோ செத்துப்போன வேறொருவர்.

அந்த வருடம் எண்பத்து நான்கு படித் தண்ணீர் வழிந்தது. வெல்லத்தையும் மிளகையும் நிறுத்து வாங்கிய வல்லபராயர், தேன் என்றதும் தராசை மறந்தார். இதுவும் தண்ணீர் போல ஊற்றுகிற சரக்குதானே, எண்பத்து நான்கு படித் தேன் வேண்டும் என்று ஓலை எழுதிவிட்டார்.

தேன் வாங்கும் பொறுப்பு விகடகவி மருதக்கூத்தனுக்கு வந்தது. பிறந்தநாளன்று கோயில் மண்டபத்துக்கு அவன் மலையிலிருந்து கொண்டு வந்ததோ அறுபது படி. வல்லபராயர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் துள்ளி எழுந்தார்.

"அரசே, இருபத்து நான்கு படியை இவன் திருடிவிட்டான். இந்தத் தேனை வைத்தால் தங்கள் தட்டு தரையை விட்டு எழாது. ஊரே சிரிக்கும்."

"எடைக்கு எடை கொண்டு வரச் சொன்னீர்கள், அரசே. அறுபது படியே தங்கள் எடை. ஐந்து படித் தேனுக்கு எதிராக ஏழு படித் தண்ணீர் ஊற்றிய பிறகே தராசு முள் நடுவில் நின்றது" என்றான் மருதக்கூத்தன்.

"படி என்றால் படிதான். தேனுக்கொரு படி, தண்ணீருக்கொரு படியா?" என்றார் வல்லபராயர். அங்கே கூடியிருந்த சபைப் பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற தலைகள் அவை. அரசரும் யோசிக்கவில்லை. திருடிய வலது கையை வெட்டச் சொன்னார்.

மருதக்கூத்தனுக்கு எரிச்சலாக இருந்தது. தேனையும் தண்ணீரையும் ஒன்றாக்கும் மூடர்களுக்காகவா கையைக் கொடுப்பது? கைகூப்பி நின்றான்.

"வல்லபராயர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். படிக்குப் படி. ஆனால் அரசர் ஏறும் தராசை முன்னதாக ஒருவர் ஏறிச் சோதிக்க வேண்டாமா? அந்தப் பெருமைக்கு அவரைவிடத் தகுதியானவர் இங்கே யார்?"

புகழ்ச்சி என்றால் வல்லபராயருக்கு மோர்க்குழம்பு மாதிரி. ஊற்ற ஊற்ற வாங்கிக்கொள்வார். உடனே கொப்பரையை வரவழைத்து அதில் முங்கி எழுந்தார். ஐம்பத்தாறு படி வழிந்தது. துலாபாரத் தட்டில் சப்பணமிட்டு அமர்ந்தார். தேன் ஊற்ற எதிர்த் தட்டில் வைத்த அண்டாவின் கனத்துக்கு ஈடாக, அவர் பக்கத்தில் ஒரு காலி அண்டாவையும் வைத்தார்கள். மருதக்கூத்தன் தேனை அளந்து ஊற்றினான். நாற்பதாவது படியில் வல்லபராயரின் தட்டு தரையை விட்டு எழுந்து, எதிர்த் தட்டுக்குச் சமமாக நின்றது.

"முள் நடுவில் நிற்கிறது, ஐயா. நிறுத்தலாமா?"

வல்லபராயர் முள்ளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இன்னும் பதினாறு படி இருக்கிறது. ஏமாற்றப் பார்க்காதே. ஊற்று."

ஊற்றினான். வல்லபராயர் மேலே போனார். மண்டபத்து உத்தரம் தலையில் இடிக்கும்வரை போனார். சங்கிலியை ஒரு கையாலும் அவிழ்ந்த வேட்டியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, "இறக்குங்கள், இறக்குங்கள்" என்று கத்தினார். இறக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை.

"நாற்பது படியிலேயே அவர் எடை முடிந்துவிட்டது, அரசே" என்றான் மருதக்கூத்தன். "ஏழு படித் தண்ணீருக்கு ஐந்து படித் தேன். அந்தக் கணக்கில் தங்களுக்கு அறுபது. எண்பத்து நான்கையும் ஊற்றியிருந்தால் அங்கே தொங்குவது யாராக இருக்கும் என்று தாங்களே பாருங்கள்."

அரசர் அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தார். முதலில் வியர்த்தது, பிறகு சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்கச் சிரித்தார். வல்லபராயரை இறக்கிவிட்டுத் தாமே ஏறி அமர்ந்தார். அறுபது படிக்கு முள் அசையாமல் நின்றது.

"என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"நான் திருடிய இருபத்து நான்கு படித் தேன் இன்னும் என் வீட்டுக்கு வந்து சேரவில்லை, அரசே. இத்தனை பெரியவர்கள் தலையாட்டிச் சொன்னது பொய்யாகக் கூடாது. அதை வரவழைத்துக் கொடுத்தால் போதும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். வெட்டச் சொன்ன மருதக்கூத்தனின் அந்த வலது கையில் தம்முடைய பொற்காப்பைக் கழற்றிப் போட்டார். வல்லபராயரும் தலையாட்டிய பெரியவர்களும் மலைக்குப் போய், அந்தத் தேனைத் தங்கள் தலையிலேயே சுமந்து வர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

போனார்கள். இறங்கி வரும் வழியில், முதல் திருப்பத்துக்குள்ளேயே, தேன் தண்ணீரைவிடக் கனம் என்பது அத்தனை தலைகளுக்கும் புரிந்துவிட்டது.