ருசி பாக்குறவருக்கு ஒரு முழு இலை

முன்னொரு காலத்துல மருதவள நாட்டை மழவராயன்னு ஒரு ராஜா ஆண்டாரு. ஆண்டாருங்கிறது மரியாதைக்கு, தின்னாருங்கிறதுதான் நிஜம். காலையில பாயசம், மத்தியானம் சர்க்கரைப் பொங்கல், நடுநடுவுல அதிரசம். நீரிழிவு வராம என்ன செய்யும்? கால்ல ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல.

"இனிப்ப விடுங்க, சோத்தக் குறைங்க மகாராஜா"ன்னாரு வைத்தியர் மாறனார்.

"மருந்து கேட்டா என் இலையில கை வைக்கிறியா? அமாவாசைக்குள்ள புண்ணு ஆறலேன்னா உன் தலை இருக்காது!"

தூபம் போட ஆள் வேணாமா? மடப்பள்ளித் தலைவர் வல்லபர் இருந்தாரே! ராஜா சாப்பாட்டுல விஷம் இருக்கான்னு முதல்ல ருசி பாக்குறது அவர் வேலை. வைத்தியரோட செல்வாக்கக் கண்டா அவருக்கு வயிறு எரியும். "உங்களப் பட்டினி போடப் பாக்குறாரு மகாராஜா. இன்னொரு அதிரசம் வைக்கட்டுமா?"

அமாவாசை வந்துச்சு. புண்ணு கறுத்து நாறுது. வைத்தியரைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. மந்திரி எயினி மனசுக்குள்ள கணக்குப் போட்டா. இன்னிக்கு இவர் தலை, அப்புறம் ராஜா காலு, அப்புறம் உசுரு!

"மகாராஜா, உங்க சாப்பாட்டுல விஷம் இருக்கு"ன்னா.

"பொய்! நான் ருசி பாத்துத்தானே அனுப்புறேன்!" வல்லபர் குதிச்சாரு.

"எவ்வளவு பாப்பீங்க?"

"நாக்கு நுனியில ஒரு துளி, மந்திரியம்மா."

"ராஜா சாப்பிடுறது துளியா? அவருக்கு வைக்கிற அதே முழு இலைய இனிமே தினமும் நீங்களும் சாப்பிடுங்க. இப்பவே ஆரம்பிங்க."

அரண்மனை விருந்துல வல்லபர் இலை மட்டும் எப்பவும் கை படாம கிடக்குறத அவ கவனிச்சு வச்சிருந்தா.

இலை வந்துச்சு. வல்லபர் அத ஓரமாத் தள்ளுனாரு.

"ம், சாப்பிடும்யா!"ன்னாரு ராஜா.

தடால்னு வல்லபர் ராஜா கால்ல விழுந்தாரு. "வேணாம் மகாராஜா! எனக்கும் நீரிழிவு. இதத் தினமும் தின்னா செத்துருவேன்!"

"அப்ப வீட்டுல என்னத்தத் திங்கிற?"

"கொஞ்சமா வரகுச் சோறு, நிறைய கீரை, பாவக்கா, கொள்ளு ரசம். சாப்பிட்டதும் ஒரு நடை. இந்த வைத்தியர்தான்... சொன்னாரு."

நோயாளி ரகசியத்த வெளிய விடாம, கட்டோட சும்மா நின்னுட்டிருந்தாரு அந்த மனுஷன்!

ராஜா தன் கால ஒருதரம் பாத்தாரு. "கட்ட அவுருங்கடா! மடப்பள்ளி இனிமே வைத்தியர் கையில. வல்லபா, உன் வீட்டுச் சாப்பாட்ட நீயே தலையில சுமந்துட்டு வந்து எனக்குப் பரிமாறு." கழுத்துல கிடந்த முத்துமாலை எயினிக்குப் போச்சு.

புண்ணு மெல்ல மெல்ல மூடிச்சு. ஆனா திருவிழா வந்தா போதும், ராஜா கை அதிரசத் தட்டுப் பக்கம் ஊரும். "ஒண்ணே ஒண்ணு, வைத்தியரே?"

வைத்தியர் தன் கழுத்தத் தடவிக்கிட்டே ராஜாவோட காலப் பாப்பாரு. ஊர்ந்த கை தானா மடிக்குத் திரும்பிரும்.